கூளையனுக்கு ஒரு பேர் இருந்திருக்கும்: பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை இப்போ ஏன் படிக்கணும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்திருக்கோம், சில வாக்கியங்களைச் சரி பண்ணியிருக்கோம். மத்தபடி பேசினது பேசினபடியே இருக்கு.)

இந்த வாரம் ரெக்கார்டிங் வழக்கமான ரூம்ல இல்ல. ஒத்தக்கடைல, எங்க அப்பத்தா வீட்டு மாடில உட்கார்ந்து பேசுறேன். பின்னாடி மேலூர் ரோட்டு பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க. எதிர்ல யானைமலை. ஊருக்கு வந்து பண்றதுக்கு ஒரு காரணம் இருக்கு, கடைசில சொல்றேன்.

முதல்ல ஒரு கேள்வி. "ஒழுங்காப் படிக்கலைன்னா ஆடு மேய்க்கத்தான் போவ." இந்த வசனத்தைக் கேட்காம வளர்ந்தவங்க யாராவது இருக்கீங்களா? எனக்கு கணக்கு வாத்தியார் சொல்லியிருக்கார், அப்பா சொல்லியிருக்கார். இன்ஜினியரிங்ல அரியர் வெச்சப்போ சித்தப்பா போன் பண்ணிச் சொன்னார். அந்த வசனத்துக்குள்ள ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. படிக்காதவன்தான் ஆடு மேய்க்கப் போறான், அது அவனோட தப்புக்குக் கிடைச்ச பலன். இன்னைக்குப் பேசப்போற நாவல் இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாப் போடுது. இதுல ஆடு மேய்க்கிற பையன் பரீட்சைல தோத்தவன் இல்ல. பரீட்சை ஹால் எங்க இருக்குன்னே அவனுக்கு யாரும் சொல்லல.

நாவல் பேரு ‘கூளமாதாரி’. எழுதினவர் பெருமாள்முருகன். வெளிவந்தது 2000ல.

கதை என்ன?

பெருமாள்முருகன்னாலே ‘மாதொருபாகன்’, அதைச் சுத்தி நடந்த பிரச்சினை, 2016ல வந்த ஹைகோர்ட் தீர்ப்பு, இதெல்லாம்தான் நம்மள்ல பலருக்கு ஞாபகம் வரும். ‘கூளமாதாரி’ அதுக்குப் பத்து வருஷம் முந்தினது. ‘ஏறுவெயில்’, ‘நிழல்முற்றம்’ ரெண்டுக்கும் அப்புறம் வந்த மூணாவது நாவல். வ. கீதா மொழிபெயர்ப்புல ‘சீசன்ஸ் ஆஃப் தி பாம்’னு 2004ல இங்கிலீஷ்ல வந்து, கிரியாமா பரிசோட இறுதிப் பட்டியல் வரைக்கும் போச்சு.

கதை நடக்குறது மதுரைப் பக்கம் இல்ல, கொங்கு நாட்டுல. பெருமாள்முருகனோட சொந்த மண்ணான திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டு நிலம். மழையை நம்பி விவசாயம், நடுவுல பனை, கிணறு, ஆட்டுப்பட்டி. அங்க ஒரு கவுண்டர் வீட்டுப் பண்ணையத்துல கூளையன்னு ஒரு பையன் ஆடு மேய்க்கிறான். சக்கிலியர் சமூகத்துப் பையன். கொங்குல அந்தச் சமூகத்து ஆளுங்களைக் குறிக்கிற சொல்தான் மாதாரி. அதுதான் நாவல் தலைப்புல இருக்கு.

விடியறதுக்கு முன்னாடியே அவன் வேலை ஆரம்பிச்சிடும். சாணி அள்ளுறது, தண்ணி எடுக்குறது, அப்புறம் ஆட்டை ஓட்டிக்கிட்டுக் காட்டுக்குப் போறது. சாப்பாடு பண்ணையக்கார வீட்டுல, ஆனா வீட்டுக்குள்ள இல்ல. தூக்கமும் அங்கேயேதான். பக்கத்துப் பண்ணையங்கள்ல இவனை மாதிரியே இன்னும் சில பசங்க, பொண்ணுங்க இருக்காங்க. மேய்ச்சல் காட்டுல எல்லாரும் ஒண்ணு சேருவாங்க. விளையாட்டு, சண்டை, சிரிப்பு, நுங்கு, பசி, பங்கு போட்டுச் சாப்பிடுறது, எல்லாம் அங்கதான்.

கதைச் சுருக்கம் இவ்வளவுதான். முடிவை நான் சொல்ல மாட்டேன், யாராவது சொல்ல வந்தா காதைப் பொத்திக்கோங்க. நாவலோட பெரும்பகுதி ‘சம்பவம்’னு நாம நினைக்கிறதே இல்லாம நகருது. எந்தச் செடியை ஆடு தின்னும், எந்த நேரத்துக்கு நிழல் எங்க விழும், எந்த ஆடு முரண்டு பிடிக்கும்னு பக்கம் பக்கமாப் போகும். முதல் ஐம்பது பக்கத்துல எனக்குப் பொறுமை போச்சு. அதுக்கப்புறம்தான் புரிஞ்சது. அந்தப் பையனுக்கு அந்த நிலத்தைப் பத்தி எவ்வளவு தெரியும்னு காட்டினாத்தான், அதுல ஒரு சாண் கூட அவனோடது இல்லங்குறது நமக்கு உறைக்கும்.

பேருன்னு ஒண்ணு

கூளைன்னா கொங்குப் பேச்சுல குட்டை. கூளையன்னா குட்டையன். அவனோட கூட்டாளிங்க பேரைப் பாருங்க: நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி. நெட்டையா இருக்குறவன், வயிறு, காது கேக்காதவ, நொண்டி. எல்லாமே உடம்பை வெச்சு வந்த பேரு. இங்கிலீஷ்ல வ. கீதா இதைச் சத்தமா விடாம அர்த்தமாவே மாத்தியிருக்காங்க. கூளையன் அங்க ‘ஷார்ட்டி’, வவுறி ‘பெல்லி’.

பண்ணையக்காரர் மகனுக்கும் கிட்டத்தட்ட இதே வயசு. அவன் பேரு செல்வன். நல்ல, முழுசான, ஸ்கூல் ரெஜிஸ்டர்ல எழுதக்கூடிய பேரு.

நான் சாஃப்ட்வேர்ல வேலை பாக்குறவன். எங்க உலகத்துல ஒரு பொருளுக்கு என்ன பேரு வெக்கிறோம்ங்குறதை வெச்சே அதை எப்படி நடத்தப்போறோம்னு சொல்லிடலாம். நாலு நாள்ல தூக்கிப் போடப்போற ஃபைலுக்கு யாரும் யோசிச்சுப் பேர் வெக்கிறதில்ல. இந்த நாவல்ல குழந்தைகளோட பேரு அந்த வகை. வேலை முடியிற வரைக்கும் கூப்பிட ஒரு சத்தம் வேணும், அவ்வளவுதான்.

அனாதையா? இல்லையே!

புறக்கணிக்கப்பட்ட குழந்தைன்னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற படம் என்ன? அப்பா அம்மா இல்லாத பிள்ளை. இல்லன்னா சித்தி கொடுமை. சினிமா நமக்கு அப்படித்தான் பழக்கியிருக்கு. ஆனா கூளையன் அனாதை இல்ல. அவனுக்குக் குடும்பம் இருக்கு. அப்போ அவன் ஏன் இங்க இருக்கான்?

இதைப் புரிஞ்சுக்க அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும். குடும்பத்துக்கு ஒரு செலவு வருது. நோய், கல்யாணம், பஞ்சம், ஏதோ ஒண்ணு. பண்ணையக்காரர்கிட்ட முன்பணம் வாங்குறாங்க. அதுக்குப் பதிலா பையன் வருஷக்கணக்குல வேலைக்கு நிக்கணும். கூலியைப் பையன் கண்ணுலயே பார்க்க மாட்டான், அது அப்பா கைக்குப் போயிடும், இல்லன்னா பழைய கடன்ல கழிஞ்சிடும். ஆடு ஒண்ணு காணாமப் போனா அதோட விலையும் அதே கணக்குல ஏறும். அதனாலதான் மேய்க்கிற பையனுக்கு ஆடு தொலையுறது அவ்வளவு பெரிய பயம். அடி ஒரு நாள்ல ஆறிடும், கணக்கு ஆறாது. ஓடிப் போகவும் முடியாது. வீட்டுக்கு ஓடினா, பெத்த அப்பனே கையைப் பிடிச்சுத் திரும்பக் கொண்டுவந்து விடணும். பாசம் இல்லாததால இல்ல, பணத்தை வாங்கியாச்சு.

இங்க குழந்தை அடமானப் பொருள். நகைக்குப் பதிலா பிள்ளை.

இது சட்டத்துக்குத் தெரியாத விஷயமும் இல்ல. 1933லயே, பிரிட்டிஷ் காலத்துல, குழந்தைகளோட உழைப்பை அடகு வெக்கிறதைத் தடுக்க ஒரு சட்டம் வந்துச்சு. அபராதம் எவ்வளவு தெரியுமா? அடகு வெச்ச பெத்தவங்களுக்கு அதிகபட்சம் 50 ரூபா, வேலை வாங்குனவங்களுக்கு 200 ரூபா. சுதந்திரத்துக்கு அப்புறம் அரசியலமைப்போட 23வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை பண்ணுச்சு. 1976ல கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. அதுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், பழைய கடன் மொத்தமும் ரத்து. 1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. ஆனா அது ஆபத்தானதுன்னு ஒரு பட்டியல் போட்டு, அந்த வேலைகளை மட்டும்தான் தடுத்துச்சு. ஆடு மாடு மேய்க்கிறது அந்தப் பட்டியல்ல இல்ல. 14 வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைங்களை எந்த வேலைலயும் வெக்கக் கூடாதுன்னு ஆனது 2016 திருத்தத்துலதான். அதுலயும் குடும்பத் தொழிலுக்கு விலக்கு உண்டு.

சட்டம் வந்ததும் வழக்கம் நின்னுடல. காவிரி டெல்டா கிராமங்கள்ல இருந்து கிடை போடுறவங்ககிட்ட ஆடு மேய்க்க விடப்பட்ட சின்னப் பசங்களை அதிகாரிங்க மீட்டதா இந்தக் காலத்துலயும் செய்தி வந்திருக்கு.

வளர்றதுன்னா என்ன?

ஒரு குழந்தை கஷ்டப்பட்டு வளர்ந்து ஆளாகுற கதைன்னா அதுக்கு இலக்கியத்துல ஒரு பெரிய வரிசையே இருக்கு. ஜெர்மன்ல ‘பில்டுங்ஸ்ரோமான்’னு பேரே வெச்சிருக்காங்க. இங்கிலீஷ்ல அதுக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் டிக்கன்ஸோட ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’, 1850. டிக்கன்ஸோட சொந்தக் கதையும் கிட்டத்தட்ட அதுதான். 1824ல அவர் அப்பா கடனுக்காக ஜெயிலுக்குப் போறார். 12 வயசுப் பையன் ஷூ பாலிஷ் தயாரிக்கிற இடத்துல லேபிள் ஒட்டுறான். அப்பாவோட கடன், பிள்ளையோட உழைப்பு. கொங்குல இருந்து லண்டன் எவ்வளவு தூரம்னு நினைக்குறீங்க? அந்த அவமானத்தை டிக்கன்ஸ் வெளில சொன்னதே இல்ல. அவர் செத்த அப்புறம் நண்பர் எழுதின வாழ்க்கை வரலாற்றுலதான் உலகத்துக்கே தெரிஞ்சது.

ஆனா வித்தியாசம் எங்க வருதுன்னு பாருங்க. டேவிட் வேலை பார்த்த கிடங்கை விட்டு ஓடுறான், ஓடிப் போக ஒரு அத்தைப் பாட்டி இருக்கா. அவன் படிக்கிறான், எழுத்தாளர் ஆகுறான், தன் கதையைத் தானே ‘நான்’னு எழுதுறான். வங்காளத்துல ‘பதேர் பாஞ்சாலி’ அப்புவுக்கும் வறுமைதான், ஆனா புத்தகம் இருக்கு, கிராமத்தை விட்டுப் போற வழி இருக்கு. இந்த வரிசைல வளர்றதுன்னா கதவு ஒண்ணொண்ணாத் திறக்குறது.

கூளையனுக்கு நேர் எதிர். சின்ன வயசுல அவனுக்கு அந்தக் காடு முழுக்கத் திறந்து கிடக்கு. வளர வளரத்தான் வேலி எங்கெங்க இருக்குன்னு தெரியுது. எந்தக் கிணத்துல இறங்கக் கூடாது, எந்தப் பனையோட காய் திருட்டு ஆகும், யாரை ‘டா’ போடலாம், எந்த வயசுல இருந்து போடக் கூடாது. அவன் கத்துக்குற பாடம் இது. வளர்ந்து முடிக்கும்போது கையில ஒரு மேப் இருக்கும், ஆனா அதுல எல்லாமே நுழையக் கூடாத இடம்.

செல்வன்

இப்போ செல்வனுக்கு வரேன். நாவலோட உயிர் அங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

செல்வன் வில்லன் இல்ல. ஸ்கூலுக்குப் போறான், லீவு நாள்ல காட்டுக்கு வந்து இவங்களோட விளையாடுறான். காட்டுல அவன் கூட்டாளி. கூளையனுக்குத் தெரிஞ்சதுல பாதி அவனுக்குத் தெரியாது, அதனால அங்க கூளையன் கை ஓங்கியிருக்கும். ஆனா வீட்டு வாசலுக்கு வந்ததும் அவன் பண்ணையக்காரர் மகன். அவன் ஒரு வார்த்தை சொன்னா கூளையனுக்கு அடி விழும், சொல்லாம இருந்தாலும் விழும். இந்த மாறுறதை அவனே கவனிக்கிறதில்ல. கவனிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததே இல்ல.

பெருமாள்முருகனும் நிலம் வெச்சிருந்த பக்கத்துல, ஒரு சிறு விவசாயக் குடும்பத்துல பிறந்தவர். கூளையன் இடத்துல இருந்து வந்தவர் இல்ல. அது தெரிஞ்சுக்கிட்டுப் படிச்சா நாவலோட கூர்மை கூடும். இதே ஆளு பின்னாடி 2013ல ‘சாதியும் நானும்’னு ஒரு தொகுப்பு கொண்டு வந்தார். பலபேர் அவங்கவங்க சாதி அனுபவத்தைக் கூச்சப்படாம எழுதின கட்டுரைகள். நாம எந்தப் பக்கத்து வாசல்ல நின்னோம்ங்குற கேள்வி அவரை விடவே இல்லன்னு தோணுது.

இந்த மாதிரி நாவலைப் படிக்கும்போது நாம எல்லாருமே இயல்பா கூளையனாத்தான் மாறிடுவோம். அவனுக்காக அழுவோம், புத்தகத்தை மூடிட்டு நல்லவனா ஃபீல் பண்ணுவோம். நானும் அப்படித்தான் பாதி வரைக்கும் படிச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, நான் செல்வன்.

சுள்ளான்

ஊருக்கு வந்ததுக்குக் காரணம் இதுதான். எனக்குப் பத்து வயசு இருக்கும், 2006, 2007 வாக்குல. லீவுன்னா ஒத்தக்கடைதான். தாத்தாகிட்ட இருபது ஆடு இருந்துச்சு. மேய்க்க ஒரு பையன் இருந்தான். என்னை விட ஒண்ணு ரெண்டு வயசு பெரியவனா இருக்கலாம். எல்லாரும் சுள்ளான்னு கூப்பிடுவாங்க. ஒல்லியா இருப்பான். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்தப் படமும் வந்திருந்துச்சு, எனக்கு அந்தப் பேரு செம்ம கெத்தாத் தெரிஞ்சது.

அவன் கொட்டாய்லதான் படுப்பான். அவனுக்குன்னு தனியா ஒரு அலுமினியத் தட்டு, சுவர்ல ஒரு ஆணில மாட்டியிருக்கும். இதெல்லாம் எனக்கு விசித்திரமாத் தெரிஞ்சதே இல்ல. எனக்குக் கண்மாய்ல நீச்சல் கத்துக் கொடுத்தது அவன். ஓணானை எப்படிச் சுருக்குப் போட்டுப் பிடிக்கிறது, யானைமலை அடிவாரத்துல எந்தப் பாறை வழுக்கும், எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஒரு பொங்கல் லீவு. கண்மாய்ல தண்ணி இருந்துச்சு. ஆட்டை விட்டுட்டு வாடான்னு நான்தான் கூப்பிட்டேன். வேணாம்னான். வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனேன். திரும்பி வந்தா ஒரு கிடாய்க்குட்டியைக் காணோம்.

சாயங்காலம் தாத்தா கேட்டார். சுள்ளான் என்னைப் பார்க்கவே இல்ல. "கண்ணசந்துட்டேங்கய்யா"ன்னான். தாத்தா ஆடு கட்டுற கயித்தை எடுத்தார். நான் அப்பத்தாவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தேன், தலை கூட இன்னும் ஈரமாத்தான் இருந்துச்சு. வாயைத் திறக்கல. குட்டி மறுநாள் காலைல பக்கத்துக் கிடையில இருந்து வந்துடுச்சு. அதைப் பத்தி அதுக்கப்புறம் யாரும் பேசல. முழுப்பரீட்சை லீவுக்கு வந்தப்போ அவன் இல்ல. தாத்தாகிட்ட கேட்டேன். "அவன் கணக்கு முடிஞ்சுபோச்சுப்பா"ன்னார். அப்போ எனக்கு ‘கணக்கு’ன்னா என்னன்னு தெரியாது.

ஒத்தக்கடைக்குப் பக்கத்துலயே உலகநேரில ஹைகோர்ட் மதுரைக் கிளை 2004லயே திறந்தாச்சு. நான் சொன்ன 1976 சட்டம் அப்போ முப்பது வருஷம் பழசு. சுள்ளான் ஆடு மேய்ச்ச இடத்துல இருந்து கோர்ட்டு கொஞ்ச தூரம்தான். எங்க வீட்டுல யாரும் தப்பு பண்றதா நினைக்கல. தாத்தா ஊர்ல நல்ல மனுஷன்னு பேர் எடுத்தவர். எனக்கு இப்பவும் அவரைப் பிடிக்கும். இது ரெண்டையும் ஒரே மனசுல வெச்சுக்கிறது கஷ்டமா இருக்கு, ஆனா அதைச் சொல்லாம இந்த எபிசோட் பண்றது ஏமாத்து.

நேத்து ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அப்பத்தாகிட்ட கேட்டேன். "அப்பத்தா, அந்தச் சுள்ளானோட நெசப் பேரு என்ன?"

"சுள்ளான்தான். வேற என்ன பேரு?"

கொஞ்ச நேரம் கழிச்சு, வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொல்லுச்சு: "அவங்க அப்பன் கொண்டாந்து விடுறப்ப ஒரு பேரு சொன்னான்யா. நல்ல பேருதான். நமக்கு வாயில நிக்கல."

காமராஜர் மதிய உணவுத் திட்டம் கொண்டு வந்த கதை நாம எல்லாரும் ஸ்கூல்ல கேட்டதுதான். போற வழில ஆடு மாடு மேய்க்கிற ஒரு பையனைப் பார்க்கிறார், ஏன் பள்ளிக்கூடம் போகலைன்னு கேக்குறார், போனா சோறு யார் போடுவாங்கன்னு அவன் திருப்பிக் கேக்குறான். உண்மையா நடந்ததோ, ஊர் சொல்ற கதையோ, அதைக் கேட்ட யாருமே அந்தப் பையன் பேரு என்னன்னு கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல.

படிக்கப் போறவங்களுக்கு

ரெண்டு விஷயம். ஒண்ணு, மொழி. கொங்குப் பேச்சு நிறைய வரும், மதுரைக்காரங்களுக்கும் சென்னைக்காரங்களுக்கும் முதல்ல தட்டும். பெருமாள்முருகன் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’னு ஒரு அகராதியே போட்டிருக்கார், நாவல் வந்த அதே 2000ல. ஆனா அது இல்லாமலும் படிக்கலாம். முப்பது பக்கம் சத்தமாப் படிங்க, காது பழகிடும். ரெண்டு, அவசரப்படாதீங்க. ஆட்டுக்குப் பின்னாடி நடக்குற வேகத்துலதான் இந்த நாவல் நடக்கும்.

படிச்சு முடிச்சதும் வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. நம்ம வீட்டுல, தோட்டத்துல, கடையில, வேலைக்கு நின்ன சின்னப் பசங்க யாராவது இருந்தாங்களா? அவங்க பேரு என்ன? பதில் கிடைச்சா எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கிடைக்கலைன்னாலும் அனுப்புங்க.

நான் சாயங்காலம் மலையடிவாரம் வரைக்கும் நடந்துட்டு வரலாம்னு இருக்கேன். அந்தப் பக்கம் இன்னும் ஆடு மேய்க்கிறவங்க இருக்காங்க, யாருக்காவது அவனைத் தெரிஞ்சிருக்கலாம். என்ன பேரைச் சொல்லி விசாரிக்கிறதுன்னுதான் தெரியல.